அத்தியாயம் 7: ஃபிளாஷை அடக்கி ஆளுங்கள்

வரவேற்பில் எடுத்த படம். மாப்பிள்ளையின் நெற்றி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கிறது. பின்னால் இருந்த பூ அலங்காரமும் சீரியல் லைட்டும் காணோம். மேடையே இருட்டில் நிற்கிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "இனி ஃபிளாஷே வேண்டாம்" என்று முடிவெடுத்தவர்கள் நிறைய. பழி ஃபிளாஷ்மீது விழுந்தாலும் அந்தப் படத்தைத் தீர்மானித்தது கேமராவின் ஆட்டோ மோடு. முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம், பின்னணிக்கு எவ்வளவு என்று நீங்கள் சொல்லாததால், அதுவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது.

அந்தக் கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவரும் அமைப்புகள்தான் இந்த அத்தியாயம். கேனான் இஓஎஸ் 1500டி, 200டி போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நிக்கானில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கோட்பாடு இவ்வளவு போதும்

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டு எக்ஸ்போஷர்களின் கூட்டு. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்: டியூப் லைட், மேடை விளக்கு, ஜன்னல், வானம். இதை "அறை ஒளி" என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று ஃபிளாஷின் ஒளி.

- ஷட்டர் வேகம் அறை ஒளியை மட்டுமே மாற்றும். ஃபிளாஷ் முழுச் சக்தியில் அடித்தாலும் ஏறக்குறைய 1/1000 வினாடியில் வேலை முடிந்துவிடும். அதன்பின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷ் ஒளி கூடப்போவதில்லை.
- அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையுமே பாதிக்கும்.
- ஃபிளாஷ் காம்பன்சேஷன் ஃபிளாஷ் ஒளியை மட்டும் கூட்டும், குறைக்கும்.

ஆகவே வேலை செய்யும் வரிசை ஒன்றுதான்: முதலில் அறை, பிறகு ஆள். ஃபிளாஷ் இல்லாமல் அறை ஒளியைச் சரிசெய்துவிட்டு, அதன்மேல் ஃபிளாஷைத் தேவையான அளவு சேர்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் இந்த வரிசையில்தான் வரும்.

மெனுவைத் திறப்போம்

1. மோடு டயலை பி, டிவி, ஏவி, எம் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். பச்சை நிற ஆட்டோ மோடில் இந்த அமைப்புகள் கண்ணுக்கே தெரியாது. "என் கேமராவில் இந்த மெனுவே இல்லை" என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோவில்தான் இருப்பார்கள்.
2. மெனு பொத்தானை அழுத்தி "ஃபிளாஷ் கன்ட்ரோல்" என்ற வரியைத் தேடுங்கள். மாடலைப் பொறுத்து அது ஷூட்டிங் பக்கத்திலோ செட்டப் பக்கத்திலோ இருக்கும்.
3. "ஃபிளாஷ் ஃபயரிங்" என்பது "எனேபிள்" என்று இருக்கிறதா பாருங்கள். யாராவது "டிசேபிள்" செய்து வைத்திருந்தால், ஃபிளாஷ் மேலே எழுந்து நிற்கும், ஆனால் அடிக்காது.
4. "இ-டிடிஎல் 2 மீட்டரிங்" என்பதில் "இவாலுவேடிவ்" என்பதையே வைத்திருங்கள். படம் முழுதையும் பிரித்துப் பார்த்து ஆளுக்கு ஏற்ற ஒளியைக் கணக்கிடும் முறை இது. "ஆவரேஜ்" என்பது மொத்தப் படத்தையும் சராசரியாக்கும். பழகிய பிறகு தொடலாம்.
5. "பில்ட்-இன் ஃபிளாஷ் செட்டிங்" என்பதைத் திறந்தால் ஷட்டர் சிங்க், ஃபிளாஷ் காம்பன்சேஷன் போன்றவை வரும். ஷட்டர் சிங்க்கை இப்போதைக்கு "ஃபர்ஸ்ட் கர்ட்டன்" என்றே விடுங்கள்.
6. வெளி ஃபிளாஷ் மாட்டியிருந்தால் "எக்ஸ்டர்னல் ஃபிளாஷ் செட்டிங்" பகுதியும் வேலை செய்யும். ஃபிளாஷை மாட்டி ஆன் செய்தால்தான் அதைத் திறக்க முடியும்.

நிக்கானில் உள் ஃபிளாஷுக்கான அமைப்பில் "டிடிஎல்", "மேனுவல்" என்ற தேர்வுகள் இருக்கும். டிடிஎல் என்பது கேமராவே அளந்து அடிப்பது. மேனுவல் என்பது முழுச் சக்தி, பாதி, கால், எட்டில் ஒன்று என்று நீங்களே அளவு சொல்வது. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு டிடிஎல். பொருளும் கேமராவும் அசையாத இடங்களுக்கு, உதாரணமாக விற்பனைக்கு வைக்கும் நகை, பாத்திரம் போன்றவற்றின் படங்களுக்கு, மேனுவல்.

> குறிப்பு: கேனானில் "ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர்" என்ற அமைப்பை ஆஃப் செய்துவிடுங்கள். நீங்கள் ஃபிளாஷைக் குறைத்தால், இது படத்தைத் திரும்பவும் வெளிச்சமாக்கி வைக்கும். "காம்பன்சேஷன் குறைத்தும் மாற்றமே தெரியவில்லையே" என்ற குழப்பத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எந்த மோடில் ஃபிளாஷ் எப்படி நடந்துகொள்ளும்?

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

- பி: அறை இருட்டாக இருந்தாலும் ஷட்டர் 1/60 வினாடிக்குக் கீழே இறங்காது. கை நடுக்கம் தெரியாது; ஆனால் பின்னணி கருத்துவிடும். அவசரத்துக்கு இது போதும்.
- ஏவி: கேனானில் இந்த மோடு அறை ஒளிக்கு ஏற்றபடி ஷட்டரை மிகவும் மெதுவாக்கிவிடும். இருட்டான மண்டபத்தில் அரை வினாடி, ஒரு வினாடிகூடப் போகும். முகம் தெளிவாகவும் அதைச் சுற்றி ஒரு நிழல் உருவம் கலங்கியும் வருவது இதனால்தான். இதைத் தடுக்க மெனுவில் "ஏவி மோடில் ஃபிளாஷ் சிங்க் வேகம்" என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 1/200 முதல் 1/60 வரை ஆட்டோ என்பதைத் தேர்ந்தெடுத்தால், 1/60க்குக் கீழே போகாது. நிக்கானின் ஏ மோடு வழக்கமாக 1/60இல் நின்றுவிடும். பின்னணியும் வேண்டுமென்றால் "ஸ்லோ சிங்க்" தேர்ந்தெடுக்க வேண்டும்.
- டிவி: ஷட்டர் வேகத்தை நீங்கள் சொல்வீர்கள், அப்பர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். இருட்டில் அப்பர்ச்சர் எண் மினுங்கினால், பின்னணி இருட்டாக வரப்போகிறது என்று அர்த்தம்.
- எம்: ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் உங்கள் கையில். ஃபிளாஷின் அளவை மட்டும் டிடிஎல் கவனிக்கும். பெயரைப் பார்த்துப் பயந்தாலும், மண்டபத்துக்குள் ஃபிளாஷோடு எடுக்க எளிதான மோடு இதுதான். கீழே வரும் செய்முறை இதில்தான்.

எந்த மோடானாலும் ஒரு மேல் எல்லை உண்டு: சிங்க் வேகம். 1500டி, 200டி போன்றவற்றில் இது 1/200 வினாடி. நிக்கான் டி7500, கேனான் 80டி போன்றவற்றில் 1/250. அதைத் தாண்டினால் ஷட்டர் திரை சென்சாரின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபிளாஷ் அடிக்கும்; படத்தின் ஓர் ஓரத்தில் கரும்பட்டை விழும். உள் ஃபிளாஷ் எழுந்திருந்தால் கேமராவே இந்த எல்லைக்குமேல் போகவிடாது. வெளி ஃபிளாஷை அடிக்கவைக்க மலிவு விலை ட்ரிகர் மாட்டியிருந்தால் அதற்கு இந்த எல்லை தெரியாது. நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

செய்முறை: மண்டபத்தில் ஒரு வளைகாப்பு

மாலை நேரம். மேடையில் சீரியல் லைட், பின்னால் பூத்தோரணம். அலங்கரித்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறவருக்கு நீங்கள் 2 மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள். கையில் 18-55 லென்ஸ்.

1. ஃபிளாஷை மூடி வையுங்கள். மோடு டயலை எம்முக்கு மாற்றுங்கள்.
2. ஷட்டர் 1/60, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்குங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிளாஷ் எழுந்ததும் கேமரா அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், நீங்கள் போட்ட அறைக் கணக்கு கலைந்துவிடும்.
3. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துத் திரையில் பாருங்கள். பின்னணி உங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று மங்கலாக, ஆனால் பூவும் விளக்கும் இன்னதென்று தெரியும்படி இருக்க வேண்டும். முகம் இருட்டாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்குத்தான் ஃபிளாஷ்.
4. பின்னணி மிகவும் கருப்பாக இருந்தால் ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள். ஆட்கள் அசையாமல் அமர்ந்திருந்தால் ஷட்டரை 1/30க்கு இறக்கியும் பார்க்கலாம். சீரியல் லைட் வெளுத்துப்போனால் ஷட்டரை 1/125க்கு ஏற்றுங்கள்.
5. பின்னணி சரியாகிவிட்டதா? இனி ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் தொடாதீர்கள்.
6. ஃபிளாஷ் பொத்தானை அழுத்தி ஃபிளாஷை எழுப்புங்கள். காம்பன்சேஷனை -1இல் வையுங்கள்.
7. படம் எடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றி, மூக்கு நுனி, கன்னத்து மேடு மூன்றும் வெளுத்திருந்தால் இன்னும் குறையுங்கள். முகம் மங்கலாக இருந்தால் -⅔, -⅓ என்று ஏற்றுங்கள்.
8. நீங்கள் அதே தூரத்தில் நிற்கும்வரை இந்த அமைப்பை அப்படியே வைத்திருக்கலாம். வளையல் போட வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் டிடிஎல் ஃபிளாஷைச் சரிசெய்துகொள்ளும்.

நிறத்தையும் கவனியுங்கள். ஃபிளாஷின் ஒளி பகல் வெளிச்ச நிறம். மண்டபத்து மஞ்சள் விளக்கு வேறு நிறம். ஒயிட் பேலன்ஸை "ஃபிளாஷ்" என்று வைத்தால் முகம் இயல்பாகவும் பின்னணி மஞ்சளாகவும் வரும். விழா வீட்டுக்கு இந்த மஞ்சள் பெரும்பாலும் பொருந்தியே போகும். அது பிடிக்கவில்லையென்றால், வெளி ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை "டங்ஸ்டன்" ஆக்குங்கள். இரண்டு ஒளியும் ஒரே நிறத்துக்கு வரும்.

ஃபிளாஷ் காம்பன்சேஷன்: எப்போது எவ்வளவு?

கேனானில் க்யூ பொத்தானை அழுத்தினால் வரும் திரையில், மின்னல் குறியோடு கூட்டல் கழித்தல் இருக்கும் கட்டம்தான் இது. நிக்கான் டி7000 வரிசையில் ஃபிளாஷ் பொத்தானை அழுத்தியபடி முன் டயலைச் சுழற்றினால் போதும். ஆரம்பநிலைக் கேனான்களில் -2 முதல் +2 வரை. நிக்கானில் -3 முதல் +1 வரை.

- சாதாரண உள்ளரங்க முகம்: -⅔ முதல் -1 வரை. படத்தில் ஃபிளாஷ் அடித்ததே தெரியாது.
- வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமை நிறைக்கும்போது: +⅓ முதல் +1 வரை. வெள்ளையைப் பார்த்து கேமரா ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பல் நிறமாகிவிடும்.
- கறுப்பு கோட், இருண்ட பின்னணி: -1 முதல் -1⅔ வரை. கறுப்பைப் பார்த்து கேமரா ஒளியைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துவிடும்.
- பட்டும் நகையும் நிறைந்த அருகாமைப் படம்: -1இல் தொடங்குங்கள். ஜரிகையின் பளபளப்பு வெறும் வெள்ளைத் திட்டாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
- எதிர்வெயிலில் முகம்: -1 முதல் -1⅔ வரை. நிழல் போனால் போதும். ஃபிளாஷ் தெரியக் கூடாது.

மூன்று பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, கேமராவை ஆஃப் செய்தாலும் இந்த அளவு அழியாது. வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் அடுத்த நிகழ்ச்சியில் "ஃபிளாஷ் சரியாக அடிக்கவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, கேமராவிலும் வெளி ஃபிளாஷிலும் தனித்தனியாகக் காம்பன்சேஷன் வைத்தால் கேனானில் ஃபிளாஷில் வைத்ததுதான் செல்லும். நிக்கானில் இரண்டும் கூடிவிடும். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். மூன்று, சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வேறு. கேனானில் அது அறை ஒளியை மட்டும் மாற்றும். நிக்கானில் வழக்கமாக ஃபிளாஷையும் சேர்த்தே மாற்றும்.

எஃப்இ லாக்: முகத்தை அளந்து பூட்டுவது

மாப்பிள்ளை ஃபிரேமின் ஓரத்தில், பின்னால் கண்ணாடி போட்ட சாமி படம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்துக் கேமரா ஏமாந்துவிடும். மாப்பிள்ளை முகம் இருண்டுவிடும். இதற்கு எஃப்இ லாக்.

1. ஃபிளாஷை எழுப்பி, முகத்தில் ஃபோகஸ் செய்யுங்கள்.
2. வியூஃபைண்டரின் நடுப்புள்ளியை முகத்தின்மேல் வையுங்கள்.
3. நட்சத்திரக் குறி உள்ள பொத்தானை அழுத்துங்கள். ஒரு சின்ன ஃபிளாஷ் அடிக்கும். வியூஃபைண்டரில் "எஃப்இஎல்" என்று ஒரு கணம் தோன்றும். முகத்துக்கான அளவு பூட்டப்பட்டுவிட்டது.
4. கேமராவைத் திருப்பி, விரும்பியபடி ஃபிரேம் வைத்து எடுங்கள். நட்சத்திரக் குறி தெரியும்வரைதான் பூட்டு இருக்கும்.
5. மின்னல் குறி மினுங்கினால் ஆள் எட்டாத தூரத்தில் இருக்கிறார். நெருங்கிப் போய் மறுபடி பூட்டுங்கள்.

நிக்கானின் டி7000 வரிசை போன்ற மாடல்களில் இதே வேலைக்கு எஃப்வி லாக் உண்டு; ஒரு பொத்தானுக்கு அதை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

> குறிப்பு: சிலர் எத்தனை முறை எடுத்தாலும் கண்ணை மூடியபடியே விழுவார்கள். ஷட்டர் திறக்கும் முன் டிடிஎல் ஒரு சிறு அளவை ஃபிளாஷ் அடிக்கிறது. வேகமாக இமைக்கிறவர்கள் அதற்கு இமைத்துவிடுகிறார்கள், அசல் ஃபிளாஷ் மூடிய கண்ணில் விழுகிறது. எஃப்இ லாக் போட்டால் அளவை ஃபிளாஷ் முன்கூட்டியே முடிந்துவிடும். அவர்கள் இமைத்துத் திறக்கும்வரை பொறுத்து, பிறகு கிளிக் செய்யுங்கள்.

எவ்வளவு தூரம் எட்டும்?

ஃபிளாஷின் பலத்தை "கைடு நம்பர்" என்பார்கள். அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 1500டியின் உள் ஃபிளாஷுக்கு இந்த எண் சுமார் 9.2. எஃப் 5.6இல் வகுத்தால் 1.6 மீட்டர். அவ்வளவுதான்! ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகும்: 400இல் 3.3 மீட்டர், 1600இல் 6.6 மீட்டர். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பது முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலையை மட்டும் வெளிச்சமாக்கும்.

தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். குரூப் ஃபோட்டோவில் முன்வரிசை 1.5 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் நின்றால், பின்வரிசைக்குக் கால் பங்கு ஒளிதான். முன்னால் உட்கார்ந்த குழந்தைகள் வெளுத்து, பின்னால் நிற்கும் மாமாக்கள் இருண்டு போவது இதனால். தீர்வு எளிது: நீங்கள் பின்னால் போங்கள், வரிசைகளை நெருக்கி நிறுத்துங்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். முன்வரிசை 3 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு.

ரொம்ப நெருக்கமும் ஆகாது. உள் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு மீட்டருக்கும் குறைவாக நெருங்கினால் லென்ஸின் நிழல் படத்தின் கீழ்ப்பகுதியில் அரைவட்டமாக விழும். லென்ஸ் ஹூட் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

செகண்ட் கர்ட்டன்: அசைவுக்கு ஒரு வால்

கும்மி, கரகம், தீபாவளி மத்தாப்பு போன்றவற்றில் உருவம் தெளிவாகவும் அதன் பின்னால் ஒளிக்கோடுகளும் வேண்டுமென்றால் இதைப் பயன்படுத்துங்கள். ஃபர்ஸ்ட் கர்ட்டனில் ஷட்டர் திறந்தவுடன் ஃபிளாஷ் அடிக்கும். ஒளிக்கோடு ஆளுக்கு முன்னால் நீண்டு, அவர் பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும். செகண்ட் கர்ட்டனில் ஷட்டர் மூடும் முன் அடிக்கும். கோடு பின்னால் வாலாக வரும்.

1. ஃபிளாஷ் கன்ட்ரோலில் ஷட்டர் சிங்க்கை "செகண்ட் கர்ட்டன்" ஆக்குங்கள்.
2. ஷட்டரை 1/15 அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். கேனானில் 1/30 அல்லது அதற்குமேல் வேகமாக இருந்தால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஃபர்ஸ்ட் கர்ட்டனாகத்தான் அடிக்கும்.
3. இரண்டு முறை ஃபிளாஷ் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலாவது அளவை ஃபிளாஷ், இரண்டாவதுதான் அசல். முதல் ஃபிளாஷைப் பார்த்ததும் "எடுத்தாச்சு" என்று ஆள் நகர்ந்துவிடுவார்.
4. முடிந்ததும் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்குத் திரும்புங்கள்.

வெயிலில் ஃபிளாஷ்

உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும். அதைப் போக்க ஃபிளாஷ் உதவும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11 அளவுக்குப் போகும். 9.2ஐ 11ஆல் வகுத்தால் 84 சென்டிமீட்டர். நிழலைத் தணிக்கும் அளவுக்கு -1 முதல் -2 வரை போதும் என்று வைத்துக்கொண்டாலும் 1.2 முதல் 1.7 மீட்டர் வரைதான் எட்டும். ஆகவே உள் ஃபிளாஷை நம்பினால் நெருங்கி நின்று மார்பளவுப் படம் மட்டும் எடுங்கள். அல்லது ஆளை மரநிழலுக்கு அழைத்துவாருங்கள். அல்லது மாலை வெயிலுக்குக் காத்திருங்கள்.

பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8 போன்ற அகலத் திறப்பு வேண்டுமென்றால் ஷட்டர் 1/2000 தாண்டும். அதற்கு "ஹை ஸ்பீட் சிங்க்" உள்ள வெளி ஃபிளாஷ் தேவை. உள் ஃபிளாஷால் முடியாது. நிக்கானில் இதன் பெயர் "ஆட்டோ எஃப்பி". டி3500, டி5600 போன்ற மாடல்களில் அது இல்லை. ஃபிளாஷ் வாங்கும் முன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். இந்த முறையில் ஃபிளாஷின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், பேட்டரியும் வேகமாகத் தீரும்.

வெளி ஃபிளாஷ்: கூரையில் அடித்துத் திருப்புங்கள்

முகத்தில் நேராக அடிக்கும் ஒளிதான் எண்ணெய் வழிந்ததுபோன்ற பளபளப்பையும், சுவரில் கறுத்த நிழலையும், சிவந்த கண்ணையும் தருகிறது. ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் மூன்றும் போய்விடும்.

1. உள் ஃபிளாஷை மூடுங்கள். கேமராவையும் ஃபிளாஷையும் ஆஃப் செய்து, ஹாட் ஷூவில் முழுதும் தள்ளிப் பூட்டுங்கள். பாதி ஏறியிருந்தால் ஃபிளாஷ் முழுச் சக்தியில் அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது.
2. முதலில் ஃபிளாஷையும் பிறகு கேமராவையும் ஆன் செய்து டிடிஎல்லில் வையுங்கள்.
3. தலையைக் கூரை நோக்கி, ஆள் இருக்கும் பக்கம் சற்றுச் சாய்த்துத் திருப்புங்கள். ஒளி கூரையில் எங்கே பட்டு எங்கே இறங்கும் என்று கண்ணாலேயே கோடு போட்டுப் பாருங்கள்.
4. ஐஎஸ்ஓவை 800இலிருந்து 1600க்குள் வையுங்கள். திரும்பி வரும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும்.
5. முகம் மங்கினால் காம்பன்சேஷனை +⅔ ஆக்குங்கள்.

வீட்டுச் சுவரில் பச்சை, ரோஸ், நீலம் அடித்திருந்தால் அந்தச் சுவரில் திருப்பாதீர்கள். முகத்திலும் அதே நிறம் ஏறும். ஓட்டு வீட்டிலும், உயரமான கல்யாண மண்டபத்திலும், பந்தலிலும் கூரை உதவாது. அங்கே தலையில் ஒரு டிஃப்யூசர் மாட்டி, காம்பன்சேஷனைக் குறைத்து நேராகவே அடியுங்கள்.

> வாங்கும் முன்: 1500டி, 200டி 2 போன்ற சில கேனான் மாடல்களின் ஹாட் ஷூவில் நடுப்புள்ளித் தொடர்பு இல்லை. நடுப்புள்ளியை மட்டும் நம்பி வேலை செய்யும் சாதாரண மேனுவல் ஃபிளாஷும் ட்ரிகரும் இவற்றில் அடிக்காது. கேனான் டிடிஎல்லுக்கு என்று செய்யப்பட்டதைக் கேட்டு, கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்பு

- குழந்தைகள்: கைக்குழந்தையின் கண்ணுக்கு அருகில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதே மேல்.
- ஓட்டுபவர்கள்: வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை நோக்கி அடிக்காதீர்கள். மாப்பிள்ளை அழைப்பில் கார் டிரைவருக்கு எதிரே நின்று எடுக்கும்போது இது மறந்துபோகும்.
- விலங்குகள்: யானை, குதிரை, ஜல்லிக்கட்டுக் காளை ஆகியவற்றின் முகத்தில் அடித்தால் மிரளும், ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல.
- சூடு: முழுச் சக்தியில் தொடர்ந்து இருபது முறை அடித்தால் பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். அடித்த கையோடு முகப்பைத் தொடாதீர்கள். தோலிலோ துணியிலோ ஒட்டி வைத்து அடித்தால் சுட்டுவிடும்.
- பேட்டரி: பழையதும் புதியதும், வேறுவேறு கம்பெனிகளும் கலக்கக் கூடாது. பல நாள் பயன்படுத்தாவிட்டால் கழற்றி வையுங்கள். கசிந்தால் ஃபிளாஷே போய்விடும்.
- திறக்காதீர்கள்: ஃபிளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். ஆஃப் செய்த பிறகும் அது உடனே போகாது. ரிப்பேர் வேலையை அறிந்தவரிடம் விடுங்கள்.
- பழைய ஃபிளாஷ்: ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்களில் சிலவற்றின் ட்ரிகர் வோல்டேஜ் மிக அதிகம். ஆசைக்காக டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் கேமராவின் சர்க்யூட் எரியலாம்.
- இடம்: கோயில் கருவறை, அருங்காட்சியகம், மேடை நாடகம் போன்ற இடங்களில் முதலில் அனுமதி கேளுங்கள். ஆட்டோ மோடு கேட்காமலேயே ஃபிளாஷை எழுப்பும் என்பதால், உள்ளே போகும் முன் ஆட்டோவிலிருந்து பி போன்ற மோடுக்கு மாறி, ஃபிளாஷ் ஃபயரிங்கை டிசேபிள் செய்துவிடுங்கள்.

தப்பு எங்கே? உடனடிப் பட்டியல்

- ஃபிளாஷ் எழுகிறது, அடிக்கவில்லை: ஃபிளாஷ் ஃபயரிங் டிசேபிள், அல்லது சார்ஜ் ஏறவில்லை. வியூஃபைண்டரில் "பிஸி" மறையும்வரை பொறுங்கள்.
- பின்னணி கறுப்பு: ஷட்டர் வேகம் அதிகம் அல்லது ஐஎஸ்ஓ குறைவு. அறைப் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.
- முகத்தைச் சுற்றிக் கலங்கல்: ஷட்டர் மிக மெதுவு. ஏவி மோடின் சிங்க் அமைப்பைப் பாருங்கள்.
- முகம் வெளுப்பு: காம்பன்சேஷனைக் குறையுங்கள், அல்லது ஓரடி பின்னால் போங்கள்.
- சிவந்த கண்: அறை விளக்கைக் கூட்டுங்கள், ஆளை லென்ஸைப் பார்க்காமல் சற்று விலகிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெட்-ஐ விளக்கை ஆன் செய்தால், அவர் அந்த விளக்கைப் பார்த்தால்தான் பலன்.
- மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி: முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள்.

இன்றிரவே ஒரு பயிற்சி

1. வீட்டில் ஒருவரைச் சுவரிலிருந்து 3 மீட்டர் முன்னால் உட்காரவையுங்கள். பின்னால் ஒரு மேஜை விளக்கு எரியட்டும். நீங்கள் ஒன்றரை மீட்டரில் இருங்கள்.
2. எம் மோடு, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, உள் ஃபிளாஷ், காம்பன்சேஷன் -1.
3. ஷட்டரை 1/200, 1/60, 1/15 என்று மட்டும் மாற்றி மூன்று படம் எடுங்கள். முகம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விளக்கும் சுவரும் மட்டும் படிப்படியாக வெளிச்சமாகும்.
4. இப்போது ஷட்டரை 1/60இல் நிறுத்தி, காம்பன்சேஷனை -2, -1, 0 என்று மாற்றி மூன்று படம். சுவர் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; முகம் மட்டும் மாறும்.
5. ஆறு படங்களையும் கணினியில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த படத்தின் ஷட்டர் வேகத்தையும் காம்பன்சேஷனையும் ஒரு தாளில் எழுதி, கேமரா பையில் போட்டுவையுங்கள். அடுத்த விசேஷத்தில் அந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குங்கள்.